எளிதில் வளையும் உடம்புக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்

புதிய யோகா வகுப்பு தொடங்கும்போது விறைப்பான உடம்புக்காரர்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. அவர்களுக்குச் சீக்கிரமே இழுக்கும், தானாகவே நிறுத்திவிடுவார்கள். முதல் நாளே உள்ளங்கையைத் தரையில் பதித்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று பார்க்கிறவர்களைத்தான் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. பிறவியிலேயே மூட்டுகள் தளர்வாக உள்ளவர்களுக்கு, எல்லை தாண்டிய பிறகுதான் உடம்பு சத்தம் போடும். தசை தாங்க வேண்டிய பாரத்தை மூட்டைக் கட்டிப் பிடித்திருக்கும் நார்கள் தாங்கிக்கொண்டிருக்கும். அவை ஒருமுறை தளர்ந்தால் பழையபடி இறுகுவது கடினம்.

நானும் அந்த ரகம்தான். சிறு வயதில் போட்டிகளில் வளைந்து கைதட்டு வாங்கியிருக்கிறேன். பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை பின்பக்கமாக வில்போல் வளையும் என் சக்கராசனத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக நிற்கச் சொல்லி, முழங்கால் பின்பக்கமாக வளைகிறதா என்று பார்த்தார். வளைந்தது. அதன்பின் பல மாதங்கள் நின்று செய்யும் ஆசனங்கள் மட்டும்தான், அதுவும் முழங்காலைத் துளி மடக்கி வைத்துக்கொண்டு. எரிச்சலாக இருந்தது. இன்று என்னிடம் வரும் அதே ரகத்தினருக்கு நானும் அதையேதான் கொடுக்கிறேன், அவர்களுக்கும் எரிச்சல்தான்.

முதல் வகுப்பில் பாய் விரிப்பதற்கு முன் கேள்விகள் கேட்பேன். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, கண் அழுத்த நோய் உண்டா, எலும்பு மெலிந்து பலவீனமாகும் எலும்புப்புரை உண்டா, குடலிறக்கம், கர்ப்பம், பழைய அறுவை சிகிச்சை ஏதும் உண்டா? கண் அழுத்த நோய் உள்ளவர் சிரசாசனம் செய்தால் கண்ணுக்குள் அழுத்தம் வெகுவாக ஏறும். கையும் காலும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில்கூட ஏறும். எலும்புப்புரை உள்ளவர் முதுகைக் கூன் போட்டு முன்னால் மடங்கினால் முள்ளெலும்பு நசுங்கி முறியக்கூடும். வயிற்றைச் சுருக்கி மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி கர்ப்பிணிகளுக்குக் கூடாது. குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் கூடாது.

இரு பாதங்களையும் எதிர்த் தொடைமேல் வைத்து உட்காரும் பத்மாசனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், எல்லோரும் ஆசைப்படுவது அதற்குத்தான். அதில் சுழல வேண்டியது இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் வெளிப்பக்கமாக நன்றாகத் திரும்ப வேண்டும். அந்தக் குழியின் ஆழமும் அது பார்த்திருக்கும் திசையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எலும்பில் எலும்பு முட்டி நின்றால் எத்தனை வருடம் பழகினாலும் அது நகராது. அப்போது கையால் காலை இழுத்து மேலே வைத்தால், முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். முழங்கால் மடக்கி நீட்டுவதற்கான மூட்டு. முறுக்கை மிகக் கொஞ்சமே தாங்கும். உள்ளே இருக்கும் குருத்தெலும்புத் தகடு கிழிவது இப்படித்தான். இடுப்பின் வெளிப்புறம் இழுத்தால் பரவாயில்லை. முழங்காலில் சுருக்கென்றால் அந்த நொடியே காலை இறக்கிவிடுங்கள். மூச்சுப் பயிற்சியான பிராணாயாமத்துக்கு முதுகு நிமிர்ந்திருந்தால் போதும், நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம்.

இன்றைய யோகா முறைகள் பலவற்றுக்கு மூலவரான ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேகமான, துள்ளலான பயிற்சி. அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ் பரப்பிய அஷ்டாங்க யோகா முறை அதிலிருந்து வளர்ந்ததுதான். பின்னாளில் சென்னையில் நோயாளிகளும் வயதானவர்களும் தேடி வந்தபோது, அதே கிருஷ்ணமாச்சாரியார் ஆளுக்கேற்பத் தனித்தனிப் பயிற்சி வகுத்தார். மகன் தேசிகாசார் அந்த வழியைத் தொடர்ந்தார். பையன்களுக்கு வகுத்ததை, ஐம்பது வயதில் முதல்முறையாகப் பாய் விரிக்கிறவர் அப்படியே செய்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

மூச்சு விஷயத்தில் நான் இன்னும் கறார். திருமந்திரத்தில் மூச்சை 16 மாத்திரை (கால அளவு) உள்ளிழுத்து, 64 மாத்திரை அடக்கி, 32 மாத்திரை வெளிவிடும் கணக்கு வருகிறது. காணொளியில் அதைக் கேட்டுவிட்டு முதல் வாரமே 64 வரை எண்ணப் பார்ப்பவர்கள் உண்டு. சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோல மூச்சை மெல்ல மெல்லத்தான் வசப்படுத்த வேண்டும் என்று பழைய யோக நூலான ஹடயோகப் பிரதீபிகையும் எச்சரிக்கிறது. என் வகுப்பில் அடக்குவதே கிடையாது, வெளிமூச்சு சீராக நீளும் வரை. ஆசனத்திலும் இதுவே அளவுகோல்: மூச்சு திணறினால், முகம் இறுகினால், ஒரு படி பின்வாங்க வேண்டும்.

அப்புறம், தொட்டுத் திருத்துவது. கேட்காமல் நான் யாரையும் தொடுவதில்லை. கேட்டுத் தொட்டாலும் திசை காட்டத்தான். முதுகில் ஏறி அமுக்குவதைத் திறமை என்று நினைக்கும் வகுப்புகள் இருக்கின்றன. வேண்டாம் என்று சொல்ல மாணவருக்கு முழு உரிமை உண்டு.

ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மருந்தை எப்போது நிறுத்தலாம் என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். ரத்த அழுத்தம் குறைந்து வருவதாகத் தெரிந்தால், அளவுகளைத் தேதியோடு குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். குறைப்பதும் நிறுத்துவதும் அவர் முடிவு. யோகா ஆசிரியர் அதில் கருத்துச் சொன்னால், அந்த வகுப்பை விட்டு விலகிவிடுங்கள்.