'திங்' என்றால் முதலில் கூட்டம்

ஐஸ்லாந்து நாடாளுமன்றத்தின் பெயர் அல்திங்கி. டென்மார்க்கில் அது ஃபோல்கெடிங், நார்வேயில் ஸ்டோர்டிங். இந்தப் பெயர்களில் ஒட்டியிருக்கும் 'திங்', 'டிங்' எல்லாம், எனிதிங், நத்திங், சம்திங் என்று ஆங்கிலத்தில் எங்கும் புகுந்துகொள்ளும் அதே 'திங்'தான். சட்டம் இயற்றும் அவைக்குப் போய் 'பொருள்' என்றா பெயர் வைப்பார்கள் என்று தோன்றும். நடந்தது அதற்கு நேர்மாறு. அவை என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய அர்த்தம். பொருள் பிற்பாடு வந்து சேர்ந்தது.

ஆங்கிலத்தில் 'திங்', ஜெர்மனிலும் டச்சிலும் 'டிங்', ஸ்வீடிஷிலும் டேனிஷிலும் 'டிங்'. (ஜெர்மன்காரர் 'டாக்டர்' என்பதன் முதல் எழுத்தைப் போல மெதுவாகச் சொல்வார், ஸ்வீடன்காரர் 'டீ' என்பதன் முதல் எழுத்தைப் போல அழுத்திச் சொல்வார். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, என்ன செய்ய!) இந்த வேறுபாடு தாறுமாறாக வந்ததல்ல. மூன்று என்பதற்கான சொல்லைப் பாருங்கள்: ஆங்கிலத்தில் த்ரீ, ஜெர்மனில் ட்ரை, ஸ்வீடிஷில் ட்ரே. இவற்றுக்கெல்லாம் தாயான பழைய ஜெர்மானிய மொழியில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை ஊதிச் சொன்ன ஒலியை ஆங்கிலமும் ஐஸ்லாண்டிக்கும் காப்பாற்றிவிட்டன. மற்றவை ஒவ்வொன்றும் தன் வழியில், ஆனால் ஒழுங்காக, மாற்றிக்கொண்டன.

சரி, கூட்டத்துக்கு முன்னால் அந்தச் சொல் என்னவாக இருந்தது? துப்பு காதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் கிடைக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் பைபிளை மொழிபெயர்த்த அந்த மொழியில் 'தீஹ்ஸ்' என்று ஒரு சொல் உண்டு, பொருள், 'காலம்'. 'திங்', 'தீஹ்ஸ்' இரண்டும் உடன்பிறப்புகள் என்கிறார்கள் மொழியியலாளர்கள். ஒன்றில் மென்மையான 'க'வும் (thing என்பதன் கடைசி g) மற்றதில் 'ஹ'வும் இருக்கும்போது எப்படி உடன்பிறப்பாகும்?

லத்தீன் போன்ற மொழிகளில் 'க' இருக்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் 'ஹ' வரும் என்று 1822இல் யாக்கோப் கிரிம் எழுதினார். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அண்ணன் தம்பிகளில் மூத்தவர்தான் இவர். லத்தீனில் நூறு 'கென்டும்', ஆங்கிலத்தில் 'ஹன்ட்ரட்'. ஆனால் விதி பல இடங்களில் உதைத்தது: 'ஹ' வர வேண்டிய இடத்தில் மென்மையான 'க' நின்றது. அரை நூற்றாண்டு கழித்து, 1877இல், டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர் விடையை வெளியிட்டார். லத்தீனுக்கும் ஜெர்மானிய மொழிகளுக்கும் மூதாதையான ஆதிமொழியில் அசையழுத்தம் அந்த ஒலிக்கு நேர் முன்னால் இருந்தால் 'ஹ', இல்லாவிட்டால் மென்மையான 'க'. அந்த அழுத்தமே பிறகு இடம் மாறிவிட்டது. அது பதித்த தடம் மட்டும் மெய்யெழுத்தில் நின்றுவிட்டது. 'தீஹ்ஸ்', 'திங்' ஜோடி இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆக, 'திங்' என்றால் குறித்த வேளை, குறித்த வேளையில் கூடும் கூட்டம். ஜெர்மானியர் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, நாள் குறித்துக் கூடுவார்கள் என்று கி.பி. 98 வாக்கில் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். பேச்சு பிடித்தால் ஈட்டிகளை மோதி ஒலி எழுப்புவார்களாம், பிடிக்காவிட்டால் முணுமுணுப்பார்களாம். இங்கிலாந்தின் வடக்கே ஹேட்ரியன் சுவர் என்ற ரோமானிய எல்லைச் சுவரில், ரோமானியப் படையில் இருந்த ஜெர்மானிய வீரர்கள் 'மார்ஸ் திங்ஸஸ்' என்ற தெய்வத்துக்கு எடுத்த பலிபீடம் 1883இல் கிடைத்தது. கூட்டத்தைக் காக்கும் தெய்வம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனில் செவ்வாய்க்கிழமை 'டீன்ஸ்டாக்' என்று ஆனது இந்தப் பெயரால்தான் என்பது பரவலான கருத்து.

இந்தக் கூட்டங்களில் புகழ்பெற்றது ஐஸ்லாந்தில் கி.பி. 930இல் தொடங்கிய அல்திங்கி. ஆண்டுக்கு ஒருமுறை கோடையில், திங்வெல்லிர் என்ற திறந்தவெளியில் கூடுவார்கள். 'திங்' நடக்கும் வெளிகள் என்பதே அந்தப் பெயரின் பொருள். சட்டம் எழுதி வைக்கப்படாத காலம். 'சட்டம் சொல்பவர்' என்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக, மூன்று ஆண்டில் முழுச் சட்டத்தையும் மனப்பாடமாகச் சொல்லி முடிப்பது அவர் வேலை. கொலைப்பழி, நிலத்தகராறு எல்லாம் அங்கேதான் தீர வேண்டும்.

திருப்பம் இங்கேதான். கூட்டத்துக்கு எதற்குப் போகிறோம்? ஒரு விவகாரத்துக்கு. கூட்டத்தின் பெயர் அங்கே பேசிய விவகாரத்துக்கு ஒட்டிக்கொண்டது. விவகாரம் என்பது 'ஏதோ ஒரு சங்கதி' ஆனது. பிறகு கையில் எடுக்கிற, காலில் இடறுகிற எதுவும் 'திங்' ஆயிற்று. நாமும் செய்திக்கான 'சமாச்சாரம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு, 'மேசை மேல் இருக்கிற அந்தச் சமாச்சாரத்தை எடு' என்கிறோமே, அதே சறுக்கல். ஆங்கிலத்தில் இது வெகு சீக்கிரமே நடந்துவிட்டது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் எழுதிய 7ஆம் நூற்றாண்டுச் சட்டத்தில் கூட்டம் என்ற பொருள் இருக்கிறது. அப்புறம் அது மங்கிப்போனது.

வழக்காடுமன்றத்துக்கும் பொருளுக்கும் இந்த உறவு இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. லத்தீனில் வழக்கு என்று பொருள்பட்ட 'காவுஸா' இத்தாலியனில் 'கோஸா', பிரெஞ்சில் 'ஷோஸ்' என்று ஆகி, இரண்டுமே இன்று 'பொருள்'. ஜெர்மனில் பொருளைக் குறிக்கும் 'ஸாஹே'வும் பழங்காலத்தில் தகராறுதான். அதன் ஆங்கிலச் சகோதரி 'ஃபார் காட்ஸ் சேக்' என்பதில் வரும் 'சேக்'.

பழைய அர்த்தம் சில இடுக்குகளில் பிழைத்திருக்கிறது. தற்காத்தல், வாதாடுதல் என்பதற்கான ஜெர்மன் வினை 'ஃபெர்டைடிகன்'. அதன் நடுவில் நசுங்கிக் கிடப்பது 'டாக'வும் 'டிங்'கும், அதாவது வழக்கு நாள். பிரிட்டனில் தேர்தல் பிரசாரத்துக்கு 'ஹஸ்டிங்ஸ்' என்பார்கள். பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் 'ஹூஸ்' என்றால் வீடு. தலைவன் தன் வீட்டாரோடு கூடும் கூட்டம் 'ஹூஸ்திங்'. லண்டனில் அது நீதிமன்றத்தின் பெயரானது, பிறகு அந்த மன்றத்தின் மேடையைக் குறித்தது, அப்புறம் வேட்பாளர் ஏறிப் பேசும் மேடை, கடைசியில் பிரசாரம்.

டேனிஷ்காரர்களுக்கு இரண்டையும் பிரிக்க எளிய வழி உண்டு. 'என் டிங்' என்றால் ஒரு பொருள். 'எட் டிங்' என்றால் ஒரு சட்டமன்றம். முன்னால் வரும் 'என்', 'எட்' காட்டுகிற, சொல்லின் பால் மாறினால் போதும்.