யாரை, எந்த விஷயத்தில் நம்புவது?

சித்தப்பா அனுப்பிய மருத்துவக் குறிப்பை நாம் ஏன் உடனே நம்பிவிடுகிறோம்? அவர் நம்மிடம் பொய் சொல்ல மாட்டார் என்று தெரியும், அதனால்தான். அது உண்மையும்கூட. ஆனால் பொய் சொல்லாதவர் தவறான தகவலைச் சொல்லலாம், அதுவும் முழு நல்லெண்ணத்தோடு சொல்லலாம். நம் மூளை இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறது, யாரை நம்புவது என்பதில் நாம் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

1995-ல் மேயர், டேவிஸ், ஷோர்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் நம்பகத்தன்மையை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: அவருக்கு அந்த விஷயம் தெரியுமா, நம்மேல் அக்கறை உண்டா, நேர்மையானவரா. அலுவலக உறவுகளை மனதில் வைத்து எழுதியதுதான், ஆனால் வீட்டுக்கும் நன்றாகவே பொருந்துகிறது. குடும்பத்தில் அக்கறைக்குக் குறைவிருக்காது, அதற்காக முதலீட்டைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. சரியாக முகம் கொடுத்துக்கூடப் பேசாத மருத்துவருக்கு நம்மேல் பாசம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் எந்த மாத்திரையோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆக, "இவரை நம்பலாமா?" என்பது பாதிக் கேள்விதான். எந்த விஷயத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

சரி, மூளை ஏன் அப்படிக் கேட்பதில்லை? அதற்கு எப்போதும் அவசரம். 2006-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸும் டோடொரோவும் முன்பின் தெரியாத முகங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே காட்டி, நம்பத்தக்கவரா என்று கேட்டார்கள். நிதானமாகப் பார்த்தவர்கள் சொன்ன பதிலோடு அந்தப் பதில்கள் பெருமளவு ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது, போட்ட கணக்கு சரிதான் என்ற உறுதி கூடியதே தவிர கணக்கு அவ்வளவாக மாறவில்லை. முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்பவர்களுக்கும் ஒரு எண் இருக்கிறது. அதே 2006-ல் பாண்ட், டிபாலோ இருவரும் 24,000-க்கும் மேற்பட்டவர்களின் தீர்ப்புகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், உண்மையா பொய்யா என்று சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வந்துவிடும்.

குழந்தைகள் இதில் வேறொரு வழியில் போகிறார்கள். தெரிந்த பொருளுக்குச் சரியான பெயர் சொன்னவர், தப்பான பெயர் சொன்னவர் என்று இரண்டு பெரியவர்களைக் காட்டிவிட்டு, அப்புறம் தெரியாத பொருள் ஒன்றைக் காட்டினால், நான்கு வயதுப் பிள்ளைகள் முன்பு சரியாகச் சொன்னவர் பேச்சையே அதிகம் எடுத்துக்கொள்கிறார்கள். முகத்தைவிட இது எவ்வளவோ மேலான அளவுகோல்.

ஆனால் முன்பு யார் சரியாகச் சொன்னார் என்று பார்க்க, சொன்னது யார் என்பது நினைவிருக்க வேண்டுமே. 1951-ல் ஹோவ்லண்ட், வைஸ் செய்த ஆய்வில், நம்பத்தகாத இடத்திலிருந்து வந்தது என்று தெரிந்த கட்டுரையை வாசித்தவர்கள் முதலில் அதை ஏற்கத் தயங்கினார்கள். நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது அந்தத் தயக்கம் போயிருந்தது, ஏனென்றால் கருத்து மனதில் தங்கிவிட்டது, அது எங்கிருந்து வந்தது என்பதோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. இதோடு 1977-ல் ஹாஷரும் மற்றவர்களும் கண்டதையும் சேர்த்துப் பாருங்கள்: மறுபடி மறுபடி காதில் விழுந்த கூற்று, பொய்யானாலும்கூட, முதல்முறை கேட்பதைவிட உண்மையாகத் தோன்றுகிறது. நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்தி வந்தால் நான்கு சாட்சிகள் கிடைத்த மாதிரி இருக்கும், எல்லாம் ஒரே ஆள் எழுதியதாகவும் இருக்கலாம். அதனால்தான் நண்பர் ஒன்றைச் சொன்னால் "உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்பதை நான் அவமரியாதையாக நினைப்பதில்லை.

ஊடகத்துக்கு வந்தால், வைன்பர்க், மெக்ரூ என்ற இரண்டு ஆய்வாளர்கள், வரலாற்றுப் பேராசிரியர்களிடமும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களிடமும் தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்களிடமும் சில இணையதளங்களைக் கொடுத்து, எது நம்பகமானது என்று கேட்டார்கள். முதல் இரண்டு தரப்பினரில் பலர் அந்தப் பக்கத்திலேயே இருந்து வடிவமைப்பையும் பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சட்டென்று வெளியே வந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள், விரைவாகவும் சரியாகவும் முடித்தார்கள்.

அரசு விஷயம் இன்னும் கனமானது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932-லிருந்து 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த ஏறக்குறைய 400 கறுப்பின ஆண்களை அரசின் பொதுச் சுகாதாரத் துறை சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தது, பென்சிலினால் குணமாகும் என்று தெரிந்த பிறகும்கூட. இதைப் படித்தவர் அரசை எப்படி நம்புவார்? கோபம் நியாயமானது. ஆனால் அது வெளியே வந்த விதத்தையும் பாருங்கள். அதே துறையில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் உள்ளேயே ஆட்சேபம் எழுப்பிப் பார்த்தார், பலனில்லை. கடைசியில் தகவல் பத்திரிகையாளர் கைக்குப் போய் 1972 ஜூலையில் செய்தியானது, அந்த ஆண்டே ஆய்வு நிறுத்தப்பட்டது. அரசு என்பது ஒரே ஆள் இல்லை, அதற்குள் தப்பு செய்பவரும் அதைத் தடுக்கப் பார்ப்பவரும் சேர்ந்தே இருக்கிறார்கள். எனவே ஓர் அறிவிப்பு வந்தால் நான் பார்ப்பது, அதன் பின்னுள்ள தரவு வெளியார் எடுத்துச் சோதிக்கிற மாதிரி திறந்திருக்கிறதா, முன்பு தவறியபோது அதை ஒத்துக்கொண்டு திருத்தினார்களா, கேள்வி கேட்டவருக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான். மூன்றாவதற்கு நல்ல பதில் இல்லையென்றால், முதல் இரண்டுக்கு வரும் பதில்களையும் நான் பாதிதான் எடுத்துக்கொள்வேன்.