வெப்பத் தளர்ச்சி: சொல் விளக்கம்

கோவை ஃபவுண்டரிச் சுவரில் சுழலும் எக்ஸாஸ்ட் ஃபேனும், மருத்துவர் சொல்லும் 'ஹீட் எக்ஸாஸ்ஷனும்' ஒரே வேரில் பிறந்தவை. இலத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'ஹௌரீரே' என்றால் நீர் இறைப்பது. கவலை ஏற்றத்தில் மாடு ஓட்டிக் கிணற்றை அடி தெரிய இறைத்த கொங்கு நாட்டுக்கு இந்தப் பொருள் உடனே பிடிபடும். நீரும் உப்பும் வியர்வையாக வெளியேறி உடம்பு வற்றிப்போன நிலை அது.

தமிழில் இதற்கு 'அயர்ச்சி'யைவிடத் 'தளர்ச்சி'யே சரி. அயர்தலுக்கு மறத்தல் என்றும் பொருளுண்டு. இந்த நிலையிலோ கைகால்தான் தளரும், நினைவு தப்பாது. நினைவு குழம்பினால் அது 'ஹீட் ஸ்ட்ரோக்', அதாவது வெப்பத் தாக்கு. 'ஸ்ட்ரோக்' என்பதைப் பக்கவாதம் என்று எண்ண வேண்டாம். 'வெயில் அடிக்குது' என்கிறோமே, அந்த அடிதான் இது. ஊரில் சொல்லும் 'சூடு பிடிச்சிருச்சு' பெரும்பாலும் நீர்க்கடுப்பைக் குறிப்பதால், மருத்துவரிடம் அந்தச் சொல்லோடு நிறுத்தாமல் அறிகுறிகளைச் சொல்லுங்கள்.

ஈரோடும் கரூர் பரமத்தியும் கோடையில் அடிக்கடி 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர்கள். மஞ்சள் வேகவைக்கும் களத்திலோ திருப்பூர் அயர்ன் டேபிளிலோ நிற்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, வெளிறிய ஈரத்தோல், வேகமான நாடி தோன்றினால் அது தளர்ச்சி. நிழலில் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். துணியைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். 1 லிட்டர் சுத்தமான நீரில் சமன்செய்த 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து, சிறு சிறு மடக்காகக் கொடுங்கள். உப்பு அரைத் தேக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது. உப்புப் போட்ட நீர்மோரும் நல்லது. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு இன்னும் குறைந்துவிடும். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவமனைதான்.

இந்த இடத்தில் பலர் வீட்டு ஹோமியோபதிப் பெட்டியைத் திறக்கிறார்கள். வெயில் தலைவலிக்கு அந்த முறை முதலில் சொல்வது 'குளோனாயின்'. அது வெடிபொருளான நைட்ரோகிளிசரினேதான், கிளிசரின், நைட்ரஜன், ஆக்சிஜன் குறியீடுகளைக் கோத்து ஹோமியோபதி மருத்துவர் கான்ஸ்டன்டைன் ஹெரிங் வைத்த பெயர். அதைத் தொட்டாலே தலை விண்விண்ணென்று தெறிக்கும். ஒத்ததை ஒத்தது தீர்க்கும் என்ற கொள்கைப்படி வெயில் தலைவலிக்கு மருந்தானது. முகம் சிவந்து காய்ந்திருந்தால் பெல்லடோனா, குளிர்ந்த வியர்வையோடு சோர்ந்தால் வெராட்ரம் ஆல்பம் என்பார்கள். ஆனால் '30' என்று போட்ட குப்பியில் உள்ளது நூற்றில் ஒரு பங்காக 30 முறை நீர்த்தது. மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட அதில் எஞ்ச வாய்ப்பில்லை. இந்த மாத்திரைகள் உடல் சூட்டைத் தணிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. இறைத்த நீரையும் உப்பையும் அவை திருப்பித் தருவதும் இல்லை. தளர்ச்சிக்கு இவற்றை நம்பிக் காத்திருப்பது ஆபத்து என்பதே எங்கள் தெளிவான கருத்து.

பேச்சு குழறினால், பிதற்றினால், வலிப்பு வந்தால், உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உடனே 108. வியர்க்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள், உழைக்கும்போது வரும் வெப்பத் தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம். வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. நினைவு தப்பியவர் வாயில் தண்ணீரோ, மோரோ, சர்க்கரை உருண்டையோ எதுவும் போடாதீர்கள். மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும்.