ஹூக் எந்தக் கையில்?

அந்த அம்மாவுக்கு 57 வயது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) எழுதிக் கொடுத்த கடிதத்தோடு என்னிடம் வந்தார். வலது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே ஓரமாக வலி. குடத்தைத் தூக்கினால் சுள்ளென்கிறது, துணி பிழிய முடியவில்லை என்றார்.

"குரோஷே பின்னல் கத்துக்க ஆரம்பிச்சு மூணு மாசம் ஆகுதும்மா. கை பழகிடும்னாங்க. எனக்கென்னவோ பழகவே மாட்டேங்குது."

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கை, விரல், மணிக்கட்டுதான் என் அன்றாடம். மடித்த கட்டைவிரலை உள்ளங்கைக்குள் வைத்து மூடச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தேன். முகம் சுருங்கியது. கட்டைவிரலை விரித்து நிமிர்த்தும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துப்போனால் வரும் வலி இது. டி குவெர்வேன் என்பார்கள். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இளம் தாய்மாருக்கு அடிக்கடி வரும். இப்போது இன்னொருவர்.

படிவத்தில் வலது கையால் கையெழுத்துப் போட்டார். பேனாவை மேசையில் வைக்கும்போது முழங்கை பட்டுத் தண்ணீர் பாட்டில் சரிந்தது. கீழே விழுவதற்குள் பாய்ந்து பிடித்தது அவருடைய இடது கை. கண்ணால் பார்த்து யோசித்துப் பிடித்ததல்ல, கை தானாகப் போனது. மூடியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தபோது திருகியதும் இடதுதான்.

"வீட்டுல காய் எந்தக் கையால வெட்டுவீங்க?"

"இதுலதான்" என்று இடது கையைக் கொஞ்சம் கூச்சத்தோடு தூக்கிக் காட்டினார். "எழுதுறது, சாப்பிடுறது, காசு கொடுக்கிறது மட்டும் சோத்தாங்கை. சின்ன வயசுல எங்க அத்தை ரிப்பன் வெச்சுக் கட்டிடுவாங்க. பள்ளிக்கூடத்துல ஸ்கேல்."

இப்படி ஒருவரல்ல, பலரைப் பார்த்துவிட்டேன். (அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) உலகில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடது கைக்காரர். நம் வீடுகளில் அந்தக் கைக்கு இருக்கும் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். சிங்கப்பூரில் வேடிக்கை என்னவென்றால், பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களும் கொடுக்கல் வாங்கலுக்கு வலது கையைத்தான் நீட்டுவார்கள். எதிர்வீட்டுச் சீனப் பாட்டியும் பேரப்பிள்ளையின் பென்சிலை வலது கைக்கு மாற்றியிருப்பார். ஒரே தளத்தில் மூன்று மொழி பேசினாலும் இந்த விஷயத்தில் எல்லாரும் ஒரே கட்சி. எம்ஆர்டி ரயில் நிலைய நுழைவாயிலில் அட்டை தட்டும் இடம்கூட வலது பக்கம்தான் இருக்கிறது.

அதனால் நடுத்தர வயதைத் தாண்டிய பலருக்குத் தாங்கள் இடது கைக்காரர் என்பதே மறந்துபோயிருக்கிறது. எழுதுவது வலது என்பதால் வலது கைக்காரர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நடக்கும் குரோஷே வகுப்பிலோ சமூக மன்றத்திலோ போய் உட்கார்ந்ததும், நூலை இழுத்துப் பின்னும் கொக்கி ஊசியான ஹூக்கை வலது கையில் வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே ஆரம்பிக்கிறது தொல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இடது கைக்காரர் வலது கையால் பின்னினால் நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாவின் வலிக்குக் காரணம் பிடி. புதிதாகக் கற்கும் எல்லாரும் ஹூக்கை இறுக்கித்தான் பிடிப்பார்கள். வசப்படாத கையில் பிடிப்பவர் அதைவிட இறுக்கிப் பிடிப்பார், நீண்ட நாள் இறுக்கிக்கொண்டே இருப்பார். அவரைப் பின்னச் சொல்லிப் பார்த்தேன். கட்டைவிரல் நுனி வெளுத்திருந்தது. ஒவ்வொரு செயினுக்கும், அதாவது சங்கிலிக் கண்ணிக்கும், மணிக்கட்டு உள்பக்கம் மடிந்து திரும்பியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னினார். ஊசியில் நூல் கோக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வோமே, அந்த மாதிரி, ஆனால் ஒரு மணி நேரம்.

"குரோஷேக்கு இரண்டு கையும்தானே வேலை செய்கிறது, எந்தக் கையில் பிடித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஒரு கை ஹூக்கைச் சுழற்றுகிறது, இன்னொரு கை நூலைத் தளராமல் பிடித்துக் கொடுக்கிறது. இரண்டுமே நுணுக்கமான வேலை. வலது கையாலேயே கற்று அழகாகப் பின்னும் இடது கைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களை மாற்றிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் அது அவர்களாகத் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள் என்பதற்காக ஐம்பது வயதில் இரண்டாவது தடவை ரிப்பன் கட்டிக்கொள்வானேன்?

சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டு நாள், ஒவ்வொரு கையாலும் 15 செயின் பின்னிப் பாருங்கள். எது அழகாக வந்தது என்று பார்க்க வேண்டாம், முதல் வாரத்தில் இரண்டுமே கோணலாகத்தான் வரும். தோள் எப்போது காதை நோக்கி ஏறுகிறது, பல் எப்போது கடிபடுகிறது என்று கவனியுங்கள். நான் வலது கைக்காரி. நோயாளிகளுக்குச் சொல்லுமுன் நானே செய்து பார்க்கலாமே என்று ஒரு வாரம் ஹூக்கை இடது கையில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மாலை என் கட்டைவிரலின் அடியில் வலி ஆரம்பித்துவிட்டது. கை வைத்தியம் பார்ப்பவளுக்கே இந்தக் கதி.

சரி, இடது கைதான் என்று முடிவாகிவிட்டால் என்ன மாறும்? கத்தரிக்கோல் மாதிரி தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. சாதாரண ஹூக்கின் தலை எந்தக் கைக்கும் ஒன்றுதான். விரல் பதியப் பள்ளம் வைத்த தடித்த பிடிகளில் மட்டும் கவனம் தேவை. கடையிலேயே இடது கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் சென்டர் பக்கம் போனால் நூலையும் ஹூக்கையும் தொட்டுப் பார்த்தே வாங்கலாம். 5 மில்லிமீட்டர் ஹூக், அதற்கேற்ற தடிமனில் வெளிர்நிற நூல் போதும். கறுப்பு நூலில் கற்க ஆரம்பிக்காதீர்கள், தையல் கண்ணுக்கே தெரியாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்க்கும் விரலில் அக்ரிலிக் நூல் ஒட்டிக்கொண்டு இழுபடும். மில்க் காட்டன் மாதிரி பருத்தி கலந்த நூல் கைக்கு இதமாக இருக்கும்.

மாறுவது திசை. வலது கைக்காரர் ஒரு வரிசையை வலமிருந்து இடமாகப் பின்னிப் போவார், நீங்கள் இடமிருந்து வலமாகப் போவீர்கள். வட்டமாகப் பின்னும்போது அவர் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுவார், நீங்கள் முள்ளோடு சுற்றுவீர்கள். ஆக, எல்லாமே கண்ணாடியில் தெரியும் பிம்பம். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வகுப்பில் ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்காராமல் நேர் எதிரே உட்காருங்கள். அவருடைய வலது கை உங்கள் இடது கைக்கு நேராக வரும், அப்படியே பார்த்துச் செய்யலாம். காணொளியில் கற்பவர்கள் அதைக் கைப்பேசியின் எடிட்டிங் செயலியில் இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம். எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தாலும் கை சரியாகத் தெரியும். அதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் திரைக்கு எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, அதற்குள் பாருங்கள்.

இடது கைக்காரர்கள் அதிகம் சறுக்கும் இடம், நூலை ஹூக்கில் எடுப்பது. நூல் ஹூக்கின் பின்னாலிருந்து மேலேறி முன்னால் வர வேண்டும். ஆசிரியரின் கையைப் பார்த்து அவர் சுழற்றும் திசையிலேயே இவர்களும் சுழற்றினால், நூல் ஹூக்குக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அப்படி எடுத்த சிங்கிள் குரோஷே என்ற அடிப்படைத் தையல் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்காக விழும், இறுகியும் போகும். அடுத்த வரிசையில் ஹூக் நுழையாது, குத்தித் திருகி நுழைக்க வேண்டியிருக்கும். அந்த அம்மாவின் வகுப்புத் துண்டை வாங்கிப் பார்த்தேன். வலது கையில் பிடித்தாலும் அவருடைய கை பழக்கத்தில் தன் போக்கில்தான் சுற்றியிருந்தது. வரிசை முழுக்கப் பெருக்கல் குறிகள். இறுக்கம் விரலில் மட்டுமில்லை, நூலிலும் இருந்தது.

இன்னொன்று, வால். முதலில் போட்ட முடிச்சிலிருந்து தொங்கும் மிச்ச நூலைச் சொல்கிறேன். முதல் வரிசையை முன்பக்கமாக வைத்துக்கொண்டால், இடது கைக்காரரின் துணியில் அந்த வால் வலது கீழ் மூலையில் இருக்கும். புத்தகம் இடது மூலை என்று சொல்லும். அங்கே குழம்பிப் பிரித்துப் போட்டவர்களை அறிவேன்.

பேட்டர்னில், அதாவது பின்னல் குறிப்பில், பெரும்பாலானவற்றை அப்படியே பின்பற்றலாம். கோஸ்டர், தொப்பி, பை, சதுரத் துண்டு எல்லாம் எந்தக் கையில் பின்னினாலும் ஒன்றுதான். முன்பக்கம் திறக்கும் சட்டையில் "வலது முன்பகுதி" என்று எழுதியதைப் பின்னினால் உங்களுக்கு இடது முன்பகுதி கிடைக்கும். இரண்டும் எப்படியும் வேண்டும் என்பதால் மோசமில்லை, பட்டன் துளை எந்தப் பக்கம் என்பதை மட்டும் யோசித்து வையுங்கள். எழுத்துப் பின்னும்போதுதான் உண்மையான விபத்து நடக்கும். ஒரு பாட்டி பேத்தியின் போர்வையில் அவள் பெயரின் முதல் எழுத்தைப் பின்னினார். "மூன்று சிவப்பு, ஐந்து வெள்ளை" என்று வரிவரியாக எழுதியிருந்ததை அப்படியே பின்பற்றினார். கடைசியில் 'க' கண்ணாடியில் பார்த்த 'க'வாக வந்து நின்றது. கட்டம் போட்ட படத்தைப் பார்த்துப் பின்னுகிறவர்கள் கீழ் இடது மூலையில் தொடங்கி முதல் வரிசையை இடமிருந்து வலமாகப் படித்தால் எழுத்து நேராக வந்துவிடும். வரிவரியாக எழுதிய குறிப்பில்தான் ஒவ்வொரு வரியையும் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டும். அவர் பேத்தியின் பெயர் 'ப'வில் ஆரம்பித்திருந்தால் யாருமே கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

அப்புறம், தையல் பெயர்களில் வரும் சிங்கிள், டபிள் குழப்பம் எல்லாக் கைக்கும் பொது. அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் என்பது பிரிட்டிஷ் குறிப்பில் டபிள். இங்கே கடைகளில் இரண்டு வகைப் புத்தகமும் கலந்து கிடக்கும். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். துணி எதிர்பார்த்ததைவிட உயரமாக வளர்கிறதே என்று இடது கையைக் குறை சொல்ல வேண்டாம்.

மறுபடி என் தொழிலுக்கு வருகிறேன். ஹூக்கைப் பேனா மாதிரியும் பிடிக்கலாம், கத்தி மாதிரியும் பிடிக்கலாம். இரண்டில் ஒன்று உயர்ந்ததல்ல. வலி தலைகாட்டினால் மற்றதற்கு மாறிப் பாருங்கள். மணிக்கட்டு நேராக இருக்கட்டும், முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கீழே வைத்துவிட்டு விரல்களை விரித்து மூடுங்கள். நூல் பிடிக்கும் கையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அது அசையாமல் இறுகி நிற்கிறது, அசையாத தசைதான் சீக்கிரம் களைக்கும். விரலில் நூலை மூன்று சுற்றுச் சுற்றிக்கொள்பவர்கள் ஒரு சுற்றைக் குறைத்துப் பாருங்கள்.

காலையில் விரல் மடிந்தபடி சிக்கிக்கொண்டு சொடுக்கென்று விடுபடுகிறதா, இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் எழுப்புகின்றனவா, இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் வலி குறையவில்லையா? தைலம் தேய்த்துக்கொண்டு வகுப்புக்குப் போகாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அந்த அம்மாவுக்குக் கட்டைவிரலை அசையவிடாமல் தாங்கும் ஸ்பிளின்ட் ஒன்றை வார்த்துக் கொடுத்தேன். சில வாரம் பின்னக் கூடாது என்றதும் முகம் வாடிவிட்டது. வலி அடங்கிய பிறகு எனக்கு எதிரே உட்காரவைத்து, ஹூக்கை இடது கையில் கொடுத்தேன். வாங்கியவர் ஒரு கணம் கதவைத் திரும்பிப் பார்த்தார், அத்தை வந்துவிடுவாரோ என்பது போல. முதல் ஐந்தாறு செயின் தளர்ந்து தொங்கியது. பத்தாவது செயினில் நிமிர்ந்து, ஹூக்கை நிறுத்தாமலே, மகள் வீட்டில் அன்று என்ன சமையல் என்று சொல்லத் தொடங்கினார். மூச்சைப் பிடிக்கவில்லை.

போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை வர முடியாதாம், நூல் மலிவு விற்பனையாம், வேறு நாள் வேண்டுமாம்.