மெட்டாஸ்டாசெக்டமி: கிளைப்புற்று நீக்கம்

கல்லீரல் புற்றுக்கு அறுவை முடிந்து ஒன்றிரண்டு வருடம் நன்றாக இருக்கிறார் ஒருவர். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்று பலநேரம் சுரக்கும் ஒரு புரதம்) அளவு ஏறியிருக்கிறது. கல்லீரலை ஸ்கேன் செய்தால் சுத்தமாக இருக்கிறது. மார்புக்கு சி.டி. எடுத்தால் நுரையீரலின் ஓரத்தில் மிளகளவு முடிச்சு. அதை வெட்டி எடுத்த பிறகு கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘மெட்டாஸ்டாசெக்டமி’ என்று இருக்கும். வீட்டார் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இப்ப நுரையீரல் கேன்சரும் வந்துடுச்சாம்” என்று சொந்தபந்தத்திடம் சொல்வார்கள். அது தவறு. அந்த முடிச்சில் இருப்பவை கல்லீரல் செல்கள். நுரையீரலில் உட்கார்ந்துகொண்டும் அவை ஏ.எஃப்.பி.யைச் சுரக்கின்றன, சில சமயம் பித்தநீரைக்கூடச் சுரக்கின்றன. மருந்து கொடுத்தாலும் கல்லீரல் புற்றுக்கான மருந்தைத்தான் கொடுப்பார்கள். இந்த உண்மை, அந்த அறுவைக்கு நாம் வைக்கும் தமிழ்ப் பெயரிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சொல் கிரேக்க வழி வந்தது. ‘மெட்டா’ என்றால் மாற்றம், ‘ஸ்டாசிஸ்’ என்றால் நிற்றல். இரண்டும் சேர்ந்தால் ‘மெட்டாஸ்டாசிஸ்’, நின்ற இடம் மாறுவது. பேச்சுக்கலையில் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவுவதற்கும் இதே பெயர் இருந்தது. புற்றுநோய்க்கு இதை 1829இல் பயன்படுத்தியவர் பிரெஞ்சு மருத்துவர் ரெக்காமியே. கடைசியில் வரும் ‘எக்டமி’, வெட்டி வெளியே எடுப்பது. இதில் நமக்குச் சிக்கலே இல்லை. கருப்பை நீக்கம், குடல்வால் நீக்கம் என்று ‘நீக்கம்’ எப்போதோ நிலைத்துவிட்டது.

சிக்கல் முன்பாதியில்தான். ‘இடம்பெயர்வு’ என்று எழுதுகிறார்கள். இடம்பெயர்ந்தவர் பழைய வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போனவர்; புற்று அப்படிக் காலிசெய்வதில்லை. ‘பரவல்’ எளிமையானதுதான், ஆனால் தொட்டால் ஒட்டும் நோயோ என்ற பயத்தைக் கிளப்புகிறது. நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியே வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ‘மாற்றிடம் புகல்’ பொருளில் சரி, ஆனால் அது நிகழ்வின் பெயர். வெட்டி எடுப்பது நிகழ்வை அல்ல, கட்டியை.

‘புற்று’ என்ற நம் சொல்லிலேயே விடை இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்ததும் கரையான் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலானவை விளக்கடியில் விழுந்தும், பறவைக்கும் பல்லிக்கும் இரையாகியும் செத்துப்போகும். ஏதோ ஒரு ஜோடி இறகுதிர்த்து, ஈரமண்ணில் இறங்கிப் புதுப்புற்றைத் தொடங்கும். பழைய புற்று இருந்த இடத்திலேயே இருக்கும். ரத்தத்தில் கலக்கும் புற்றுச்செல்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். அவற்றில் மிகப்பெரும்பாலானவை அழிந்துவிடும். கல்லீரலிலிருந்து கிளம்பும் ரத்தம் பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நேரே நுரையீரலுக்குள் நுழைகிறது. அங்கே மயிரிழையினும் மெல்லிய குழாய்களில் செல்கள் சிக்குகின்றன. கல்லீரல் புற்று வெளியே போனால் அதிகம் இறங்குமிடம் நுரையீரலாக இருப்பதற்கு இந்தப் பாதை ஒரு முக்கியக் காரணம். அப்புறம் நிணநீர்க் கணுக்கள், எலும்பு, அட்ரினல் சுரப்பி.

‘சேய்ப்புற்று’ என்று சொல்லிப் பார்த்தேன். சேய் என்றால் பிள்ளை, சேய்மை என்றால் தொலைவு, இரண்டும் பொருந்துகின்றன. ஆனால் குழந்தைகளுக்கு வரும் புற்று என்று படித்துவிட இடமிருக்கிறது. மருத்துவக் குறிப்பில் அது ஆபத்து. ஆகவே ‘கிளைப்புற்று’. கிளை என்பதற்கு உறவு என்றும் பொருள் உண்டே! தலைமை அலுவலகம் ஓரிடம், கிளை வேறிடம் என்பதும் எல்லாருக்கும் பழக்கம். முதலில் தோன்றியதை ‘முதற்புற்று’ என்றால் ஜோடி சரியாக அமையும்.

கிளைப்புற்று நீக்கம் எல்லாருக்கும் செய்வதல்ல. கல்லீரலைத் தாண்டிப் பரவியிருந்தால் இன்று பெரும்பாலும் மருந்துதான் வழி. கல்லீரலில் நோய் அடங்கியிருந்து, கிளைகள் ஒன்றிரண்டாக, மிச்சமின்றி எடுக்கக்கூடியவையாக இருந்தால் சிலருக்கு அறுவையை யோசிப்பார்கள். கல்லீரல் சுருங்கி வலுவிழந்திருந்தால் தயங்குவார்கள். முடிச்சு ஓரத்தில் இருந்தால் விலா இடுக்கில் சிறு துளைகள் போட்டு, கேமரா வைத்துப் பார்த்தபடி, சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடு ஆப்பு வடிவில் வெட்டி எடுப்பார்கள்.

இந்த வழிக்குத் தைரியம் கொடுத்த பழைய நோயாளி ஒருவர் உண்டு. அவருக்கு வந்தது சிறுநீரகப் புற்று, கிளை நுரையீரலில். 1930களில் பாஸ்டனில் பார்னி, சர்ச்சில் என்ற இரண்டு மருத்துவர்கள் இரண்டையும் எடுத்தார்கள். அதன்பின் அவர் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்து, கடைசியில் இதயநோயால் இறந்தார்.