கச்சேரி மேடைக்குப் பின்னால் இருக்கிற வேலைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா?

பங்குனியில் ஆரம்பித்து ஆடி முடியும்வரை நம் ராமநாதபுரம் கடலோர ஊர்களில் திருவிழாக் கச்சேரிகள் வரிசை கட்டும். அங்கே யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்று பள்ளிப் பிள்ளைகளிடம் கேளுங்கள். பாடகர், கீபோர்டு, டிரம்ஸ், தபேலா என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். மேடைக்கு எதிரே மிக்சரில் (எல்லா மைக், வாத்தியச் சத்தத்தையும் கலந்து அளவு பார்க்கிற கருவி) நிற்பவர், பாடகருக்குத் தன் குரல் கேட்க மேடையில் வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கரின் சத்தம் பார்ப்பவர், லைட் ஆபரேட்டர், லைட்டும் ஸ்பீக்கரும் தொங்கவிடுகிற இரும்புச் சட்டமான ட்ரஸ்ஸை ஏற்றுகிற ரிக்கர், ஜெனரேட்டர்காரர், ஸ்டேஜ் மேனேஜர் யாரும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஒலித்துறையில் இருப்பதால் பள்ளிகளில் பேசக் கூப்பிடுவார்கள். ஒரு மைக், ஒரு சின்ன மிக்சர், ஒரு ஸ்பீக்கர் எடுத்துப் போவேன். மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்ததும் கூவும்.

"சார், சவுண்டைக் குறைங்க!"

"குறைக்க மாட்டேன்ப்பா. நீ நகர்ந்து பாரு."

ஸ்பீக்கருக்குப் பின்னால் போனதும் கூவல் அடங்கும். ஸ்பீக்கர் சத்தமே மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கு வருகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கணக்குப் பிடித்த பிள்ளைக்கு வேறொன்று. சத்தம் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி இன்னொரு ஸ்பீக்கர் வைத்தால், வயரில் வரும் பாட்டு அங்கே உடனே கேட்கும். மேடைச் சத்தம் 0.2 நொடி பிந்தி வரும். ஒரே வரி இரண்டு தடவை விழும். அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுச் சரிசெய்வதற்கே ஓர் ஆள் உண்டு, சிஸ்டம் இன்ஜினியர். கடற்கரை மைதானத்தில் அவருக்குக் காற்றும் எதிரி. காற்று கூட்டத்திலிருந்து மேடையை நோக்கி அடித்தால், தூரம் போகப்போகச் சத்தம் மேல்நோக்கி வளைந்துவிடும்.

எல்லாருக்கும் மிக்சரைத் தொடத்தான் ஆசை. கரண்டில்தான் தொடங்க வேண்டும் என்பேன் நான். மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறலாம். ஈர மணலில் வெறுங்காலோடு மைக் பிடிப்பவருக்கு எர்த்தும் மின்கசிவு கண்டதும் கரண்டை வெட்டிவிடும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும்தான் காவல். அதனால் ஐ.டி.ஐ.யின் இரண்டு வருட எலக்ட்ரீஷியன் படிப்பு இத்தொழிலுக்கு நல்ல வாசல். பட்டம் வேண்டுமென்றால் சென்னை தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவு இருக்கிறது. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் தலைக்கு மேல் தொங்கும் ஸ்பீக்கருக்குப் படகுக் கயிறு ஆகாது. எடைத்தாங்கு அளவு பொறித்த ஷேக்கிளும் (இரும்பு வளையக் கொக்கி) இரும்புக் கயிறும்தான்.

கேபிளை முழங்கையில் சுற்றுகிற பழக்கம் இங்கே ரொம்ப. உள்ளே கம்பி முறுக்கேறி அறும். ஒரு சுற்று மேலாக, மறுசுற்று கீழாகக் கையில் வாங்க வேண்டும். கேபிள் முனையில் இருக்கிற பின்களை ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் துடைக்க வேண்டும். உப்புக்காற்றில் துருப்பிடித்த பின்கள்தான் பாதிக் கரகரப்புக்குக் காரணம்.

கசப்பையும் மறைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை குறையும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது காதுக்கான வரம்பு. 100 டெசிபலில் அதுவே 15 நிமிடம். காதடைப்பான் போடாதவர்கள் எங்கள் தொழிலில்தான் அதிகம், வெட்கக்கேடு. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதியையும், அனுமதிக் கடிதம் எழுதுவதையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று: பிள்ளைகளைக் கச்சேரி இரவில் அழைத்துப் போகாதீர்கள். மேடை கட்டுகிற மதியம், விழாக்குழுவிடம் கேட்டுக்கொண்டு, செருப்பில்லாமல் ஷூவோடு கூட்டிப்போங்கள். பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோரும் தயங்க மாட்டார்கள்.