ஒரு சுற்றோடு நிறுத்திவிடாதீர்கள், ஆசிரியர்களே

போன மாதம் ஓர் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். எங்கள் உறைவிடப் பயிற்சி முகாமுக்கு வந்துபோனவர். "சார், அந்தச் சந்தை விளையாட்டை வகுப்பில் செஞ்சு பார்த்தேன். பசங்க கத்தினாங்க, சிரிச்சாங்க, மணி அடிச்சிடுச்சு. விலை எங்கேயும் போய் நிக்கலை. இது நம்ம பிள்ளைகளுக்குச் சரிப்படாது." எத்தனை சுற்று நடத்தினீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுதான் சார். போர்ஷன் முடிக்கணும்ல."

மேல்நிலை வகுப்புப் பொருளியல் ஆசிரியர்களுக்கு முகாம் நடத்துவது என் வேலை. ஒவ்வொரு முகாமுக்குப் பிறகும் இதே போல இரண்டு மூன்று அழைப்புகள் வருகின்றன. இனிமேலும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விளையாட்டு எளிமையானது. பாதிப்பேர் வாங்குபவர்கள், பாதிப்பேர் விற்பவர்கள். ஆளுக்கொரு சீட்டு. வாங்குபவர் அதிகபட்சம் எவ்வளவு தரலாம், விற்பவர் குறைந்தபட்சம் எவ்வளவு பெற வேண்டும் என்று அதில் இருக்கும். அதை யாருக்கும் காட்டாமல் பேரம் பேச வேண்டும்.

ஹார்வர்டில் பொருளியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் சேம்பர்லின் இதைத் தன் மாணவர்களிடம் நடத்தி, 1948-இல் கட்டுரையாக வெளியிட்டார். மாணவர்கள் அறைக்குள் சுற்றிவந்து, இருவர் இருவராகப் பேசி முடித்துக்கொண்டார்கள். விலை சமநிலைக்கு, அதாவது வாங்க விரும்பும் அளவும் விற்க விரும்பும் அளவும் ஒத்துப்போகும் இடத்துக்கு, வரவில்லை. பாடத்தில் இருக்கும் போட்டிச் சந்தை நடைமுறையில் அப்படி இயங்குவதில்லை என்பதற்கு அதையே சான்றாகக் காட்டினார். அவர் வகுப்பில் இந்த விளையாட்டை ஆடியவர்களில் ஒருவர் வெர்னான் ஸ்மித். 1956-இல், பர்டியூ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தத் தொடங்கியிருந்த ஸ்மித், இரண்டே இரண்டு மாற்றங்கள் செய்தார். கேட்கும் விலையையும் தரும் விலையையும் எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்ல வைத்தார். அதே சீட்டுகளோடு திரும்பத் திரும்பப் பல சுற்றுகள் நடத்தினார். சில சுற்றுகளிலேயே விலை சமநிலையை நெருங்கிவிட்டது. அந்த முடிவுகள் 1962-இல் அச்சில் வந்தன. 2002-இல் நோபல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர்.

ஆக, அந்த ஆசிரியையின் வகுப்பில் எதுவும் தவறிப்போகவில்லை. சேம்பர்லினுக்குக் கிடைத்ததுதான் அவருக்கும் கிடைத்திருக்கிறது. ஸ்மித் சேர்த்ததைத்தான் அவர் விட்டுவிட்டார்.

ஏன் விட்டார்? முகாமில் முதல் சுற்று முடிந்ததும், "புரிஞ்சுது சார், ஸ்லைடு மட்டும் அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, விடைத்தாள் கட்டோடு பின்வரிசைக்குப் போய்விட்டார். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த எண்ணம்தான்: பாடம் நமக்குத் தெரியும், முகாமிலிருந்து எடுத்துப்போக வேண்டியது கோப்புகள் மட்டும். அப்படி இல்லவே இல்லை. கோப்பில் விதிகள் இருக்கும், சீட்டுகள் இருக்கும். எந்த இடத்தில் வாய்மூடி நிற்க வேண்டும், எந்தக் கேள்வியை எப்போது கேட்க வேண்டும் என்பதைக் கோப்பில் எழுத முடியாது.

'தெரியும்' என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். 2005-இல் பொருளியல் அறிஞர்களின் வருடாந்திர மாநாடு ஒன்றில் 199 பேரிடம் வாய்ப்புச் செலவு, அதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட நேரும் அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பு, பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கச்சேரிக்கு இலவச நுழைவுச்சீட்டு கிடைத்திருக்கிறது; அதை விற்க முடியாது. அதே இரவில் இன்னொரு கச்சேரி. அதன் சீட்டு 40, ஆனால் 50 வரை கொடுத்துப் போக உங்களுக்கு மனம் உண்டு. முதல் கச்சேரிக்குப் போவதன் வாய்ப்புச் செலவு என்ன? நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான விடை 10: கிடைத்திருக்கும் 50-இல் கொடுத்திருக்க வேண்டிய 40 போக மிச்சம். சரியாகச் சொன்னவர்கள் 21.6 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலே 25 சதவீதம் வந்திருக்கும். முகாமில் இந்தக் கேள்வியைத் தந்தால் மூத்த ஆசிரியர்கள் அரைமணி நேரம் தங்களுக்குள் வாதாடுகிறார்கள். அந்த அரைமணி நேரம்தான் பயிற்சி.

சென்ற முகாமில், பல வருட அனுபவமுள்ள ஓர் ஆசிரியருக்கு 70 என்று எழுதிய சீட்டு வந்தது. முதல் சுற்றில் 68-க்கு வாங்கிவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்தார். முடிந்த விலைகளைக் கரும்பலகையில் எழுதினேன்: 41, 68, 49, 57. அவர் முகம் மாறியது. மூன்றாவது சுற்றில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "52-க்கு மேல ஒரு புள்ளிகூடத் தர மாட்டேன்." யார் சார் உங்களுக்கு 52 என்று சொன்னது என்று கேட்டேன். பலகையைப் பார்த்தார், சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். "யாரும் சொல்லலையே" என்றார் மெதுவாக. அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகுதான் தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் வரைந்தோம்.

இதை ஒருமுறை மாணவராக அனுபவித்தவர் வகுப்பில் இரண்டாவது சுற்றை விடமாட்டார்.

அதனால் தயவுசெய்து: விடைத்தாள் கட்டை முகாமுக்குக் கொண்டுவராதீர்கள். பதிலாக, உங்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொதப்புகிற ஒரு பாடத்தைக் கொண்டுவாருங்கள். சக ஆசிரியர்கள் முன்னால் பத்து நிமிடம் நடத்திக்காட்டக் கூச்சமாகத்தான் இருக்கும், நடத்துங்கள். முடிந்தால் ஒரே பள்ளியிலிருந்து இருவராக வாருங்கள், திரும்பிப் போனபின் ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்காரலாம். ஐந்து விளையாட்டுகளை அள்ளிக்கொண்டு போகாதீர்கள், ஒன்று போதும்.

தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முகாமில் இருப்பவரை நேர அட்டவணைக்காகவும் வருகைப் பதிவேட்டுக்காகவும் அழைக்காதீர்கள். ஒருநாள் உரையோடு பயிற்சி முடிந்தது என்று கையெழுத்திடாதீர்கள். 2007-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, 1,300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி ஒன்பதை மட்டுமே தரமானவை என்று ஏற்றது. 14 மணி நேரத்துக்கு மேல் நடந்த பயிற்சிகளில்தான் மாணவர் கற்றலில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அது தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பற்றியது என்பது உண்மை. நான் முகாம்களில் பார்ப்பதும் அதைத்தான் சொல்கிறது.

அந்த ஆசிரியையிடம் பேசி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அதே வகுப்பில், அதே சீட்டுகளோடு இன்னும் மூன்று சுற்று நடத்தச் சொல்லியிருக்கிறேன். விலைகளை உரக்கச் சொல்ல வையுங்கள், ஒவ்வொன்றையும் பலகையில் எழுதுங்கள், கடைசிச் சுற்றுக்கும் மணிக்கும் நடுவே பதினைந்து நிமிடம் விடுங்கள் என்றேன். "அந்தப் பதினைஞ்சு நிமிஷம் நான் என்ன சார் பேசணும்?" என்று கேட்டார். நீங்கள் பேச வேண்டாம், யார் விலையைச் சொன்னது என்று மட்டும் கேளுங்கள் என்றேன். வியாழக்கிழமை நடத்துகிறாராம், பலகையைப் படமெடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.